முதல்முறையாகத் துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஊரிலிருந்து ஒருநாள் ஃபோன் வரும். "உங்க சித்தப்பாவோட சகலை தவறிட்டாரு. எனக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது. நம்ம வீட்டு சார்பா நீ ஒரு எட்டு போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடு." அதுவரை பெரியவர்கள் பின்னால் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அன்றைக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. என்ன வாங்கிப் போவது, யாரிடம் பேசுவது, என்ன சொல்வது, எப்போது கிளம்புவது? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருவதில்லை. வீட்டிலும் கூடவே கூட்டிப்போய்ப் பழக்கும் வழக்கம் குறைந்துவிட்டது. பரீட்சை இருக்கிறது, பிள்ளை பயந்துவிடும் என்று விட்டுவிட்டுப் போகிறோம். அப்புறம் இருபத்தைந்து வயதில் திடீரென்று தனியாகப் போகச் சொல்கிறோம்.

அன்றாட உறவுகளில் இங்கிதம் தேவைப்படும் இடங்கள் நிறைய உண்டு. ஆனாலும் துக்க வீட்டைத் தனியாக எடுத்து எழுதக் காரணம் இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை தவறினால் அடுத்த வாரம் மறந்துபோகும். சாவு வீட்டில் விழுந்த வார்த்தை மறக்காது. "எங்கப்பா கிடத்தி இருக்கும்போதே அவர் இப்படிக் கேட்டாரே" என்று இருபது வருஷம் கழித்தும் சொல்வார்கள். அதேபோல, அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து கூட நின்றவரையும் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கம் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, சில இடங்களில் தெருவுக்குத் தெரு மாறும். நான் பார்த்து வளர்ந்தது மதுரைக்குத் தெற்கே. அங்கே துக்கத்தைக் கேதம் என்போம், அதையே திருநெல்வேலிப் பக்கம் துட்டி என்பார்கள். சடங்குகளும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். சந்தேகம் வந்தால் அந்த வீட்டு வழக்கம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால்

சேதி வந்ததும் துக்கப்பட்டவருக்கே ஃபோன் போடாதீர்கள். அவர் ஃபோன் அன்றைக்கு ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். பங்காளி, மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். உடல் எங்கே இருக்கிறது, எப்போது எடுக்கிறார்கள், மாலை வாங்கலாமா. வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வர வேண்டியிருந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பார்கள். சில வீடுகளில் காலையில் போன உயிருக்கு மதியமே காரியம் முடிந்துவிடும். நேரம் தெரியாமல் கிளம்பி, எல்லாரும் மயானத்துக்குப் போன பிறகு பூட்டிய வாசலில் நிற்கக் கூடாது.

அடுத்தது வாட்ஸ்அப். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் சாவுச் செய்தியை நெருங்கிய ரத்த உறவிடம் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். சென்னையில் இருக்கும் மகளிடம், "அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியல, உடனே கிளம்பி வா" என்றுதான் சொல்வார்கள். அவள் பஸ்ஸிலோ ரயிலிலோ எட்டு மணி நேரம் தனியாக வர வேண்டும், வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்ற கவலை. இது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்தப் பெண் விழுப்புரம் தாண்டும்போது, ஒன்றுவிட்ட தம்பி வைத்த ஸ்டேட்டஸில் அப்பாவின் படமும் "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்தும் வந்தால் என்ன ஆகும்? இப்போது பல வீடுகளில் இது நடக்கிறது. ஆகவே அந்த வீட்டு ஆட்களே படம் போடும்வரை நீங்கள் எதுவும் போடாதீர்கள். குடும்பக் குழுவில்கூட வேண்டாம். "எல்லாருக்கும் சொல்லியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சொல்லியாச்சு என்று பதில் வந்த பிறகு பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். உடலை எடுக்கும்வரை பல வீடுகளில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ டீ வரும், அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

உடை சாதாரணமாக இருக்கட்டும். வெள்ளைதான் போட வேண்டும் என்பதில்லை. பளபளப்பான பட்டு, தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, வாசனை ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம். மாலை வாங்குவதாக இருந்தால் அந்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வாடாமல் இருக்கும். சொந்தக்காரராக இல்லாதபட்சத்தில் துணி எடுத்துப் போகாதீர்கள். இறந்தவருக்குக் கோடி, அதாவது புதுத்துணி, போடுவதற்கு இன்னார் முதலில், இன்னார் அடுத்து என்று முறை இருக்கிறது. பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று அதில் பெரிய மனஸ்தாபங்களே வந்திருக்கின்றன. நீங்கள் போய்க் குறுக்கே விழ வேண்டாம்.

முஸ்லிம் வீடு என்றால் மாலை தேவையில்லை. அடக்கமும் சீக்கிரம் நடந்துவிடும், தாமதிக்க மாட்டார்கள், அதனால் சேதி கேட்டதும் கிளம்பிவிட வேண்டும். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்கக் காலத்தில் இருப்பார். அந்த நாட்களில் வெளி ஆண்கள் அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கக் கூடாது. வீட்டு ஆண்களிடம் சொல்லிவிட்டு வந்தால் செய்தி உள்ளே போய்விடும். கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்து மாலை போடாதீர்கள். முடியும்வரை வாசலில் நில்லுங்கள்.

வாசலில்

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். ஊர்தி, ஐஸ் பெட்டி வண்டி, சாமியானா வண்டி எல்லாம் வந்து போக வழி வேண்டும். ஃபோனைச் சத்தமில்லாமல் வையுங்கள். ரிங்டோன் சினிமாப் பாட்டாக இருந்தால் இதன் அவசியத்தைச் சொல்லவே தேவையில்லை.

துக்க வீட்டில் யாரும் உங்களை "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். புதிதாகப் போகிறவர்கள் இதைத் தெரியாமல், நம்மைக் கண்டுகொள்ளவில்லையே என்று சங்கடப்படுவதுண்டு. அங்கே வரவேற்பு கிடையாது. நீங்களாகவே போக வேண்டியதுதான். பந்தலின் கீழ் அந்த வீட்டு ஆண்கள் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருப்பார்கள். எங்கள் பக்கம் அவர்கள் கையை நீட்ட, வருகிறவர் இரண்டு கையாலும் தொட்டுவிட்டுப் போவார். வார்த்தை எதுவும் தேவைப்படாது. கை கொடுத்து முடித்ததும் உள்ளே போய் உடலைப் பார்த்து, மாலை இருந்தால் போட்டு, ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டு விலகிவிடுங்கள். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள்.

பெண்கள் பெரும்பாலும் உடலைச் சுற்றி உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். நெருங்கிய உறவுக்காரப் பெண் வந்ததும் கட்டிப்பிடித்து அழுவது வழக்கம். உங்களுக்கு அழுகை வரவில்லையென்றால் வரவழைக்காதீர்கள். வராத அழுகையை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும். வயதான பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தால் குறுக்கே பேசாதீர்கள், ஃபோனில் படம் பிடிக்கவும் கூடாது. அந்தக் கூட்டத்தில் இறந்தவரின் முகத்தோடு செல்ஃபி எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்த பார்வையையும் பார்த்திருக்கிறேன்.

என்ன பேசுவது

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் பதில், முடிந்தவரை குறைவாகப் பேசுங்கள். துக்க வீட்டில் இங்கிதம் முக்கால்வாசி, சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

முதலில் விட வேண்டியது "எப்படி ஆச்சு?" என்ற கேள்வி. வாயில் தானாக வரும், அக்கறையில்தான் வரும். ஆனால் கேட்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையிலிருந்து அந்த மகன் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். "காலைல நல்லாத்தான் இருந்தாரு, காபி குடிச்சாரு, பேப்பர் படிச்சாரு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரு..." ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் மறுபடி அந்த அறையில் போய் நிற்கிறான். சொல்லி முடித்ததும் வந்தவர் அடுத்த கேள்வியைப் போடுவார். "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா?" கேட்டவர் டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் பிள்ளை, நாம்தான் தாமதம் செய்துவிட்டோமோ, ஆட்டோவுக்குப் பதிலாக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமோ என்று வருஷக்கணக்காக நினைத்து நினைத்துக் குமையப்போகிறான். எப்படி இறந்தார் என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் வாசலில் நிற்கும் தூரத்து உறவுக்காரரிடம் கேளுங்கள், அவர் சொல்வார். தற்கொலை, விபத்து, சின்ன வயதுச் சாவு என்றால் அவரிடமும் கேட்க வேண்டாம். நீங்கள் கேட்கவில்லை என்பதை அந்த வீட்டார் கவனிப்பார்கள்.

இன்னும் சில வாக்கியங்கள் ஆறுதல் போலத் தெரியும், ஆனால் குத்தும். "எண்பத்தஞ்சு வயசு, கல்யாணச் சாவுதானே." பேரன் பேத்திகள் வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அறுபது வருஷம் கூட வாழ்ந்த பாட்டியிடம் வெளியாள் சொல்லக் கூடாது. "ஒண்ணு போனா என்ன, இன்னொரு பிள்ளை இருக்குல்ல." இதைச் சொல்லவே கூடாது, எந்தச் சூழ்நிலையிலும். "எல்லாம் விதி", "கடவுள் சோதிக்கிறாரு" என்பதெல்லாம் அவர்களாகச் சொன்னால் தலையாட்டலாம், நாமாகப் போய்ச் சொல்ல வேண்டாம். "எங்கப்பா போனப்ப எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்கினால், சீக்கிரமே அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம், பதினைந்து வயதுப் பையனின் தோளைத் தட்டி "இனிமே நீதான் இந்தக் குடும்பத்துக்கு ஆம்பளை, அழக் கூடாது" என்பது. இதை நான் மனதார வெறுக்கிறேன். அவன் அப்பாவை இழந்து இன்னும் ஒருநாள்கூட ஆகவில்லை. அவனை அழ விடுங்கள்.

சின்னக் குழந்தைகளிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்காரு, வருவாரு" என்று நீங்களாக எதையும் சொல்லி வைக்காதீர்கள். அம்மா என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியாமல் பேசினால், பின்னால் அவள்தான் அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லித் திணற வேண்டியிருக்கும்.

சரி, பின்னே என்னதான் சொல்வது? இரண்டு வாக்கியம் போதும். "அண்ணே, கேள்விப்பட்டதும் கிளம்பி வந்தேன். அப்பாவால வர முடியல, ரொம்ப வருத்தப்பட்டாரு." யார் வீட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். தூரத்து உறவில் உங்களை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் "என்னை யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.

இறந்தவரை உங்களுக்கு நேரில் தெரியும் என்றால், அவரைப் பற்றிய சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லலாம். எனக்குத் தெரிந்து துக்க வீட்டில் இதைவிட நல்ல பேச்சு கிடையாது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இறந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் காலையிலிருந்து அழவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். தெருக்காரப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அக்கா, நான் காலேஜ் போறப்ப அப்பா பஸ்லதான் போவேன். பாஸ் மறந்துட்டுப் போன அன்னைக்குக்கூட இறக்கிவிடல. 'நாளைக்கு ரெண்டு தடவை காட்டு'ன்னு சொன்னாரு" என்றான். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "எந்த ரூட்டு?" என்று கேட்டார். அவன் ரூட்டைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த பெரியம்மா அந்தப் பையனைப் பார்த்து, போதும், நல்லது செய்தாய் என்பதுபோலத் தலையசைத்தார்.

அப்படி எதுவும் உங்களிடம் இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். சும்மா உட்காருங்கள். பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம் ஊரில் யாருக்கும் வினோதமாகத் தெரியாது.

பந்தலுக்கு வெளியே போடும் பேச்சிலும் கவனம் வேண்டும். ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரர்கள் கூடும் இடம் என்பதால் பேச்சு மெல்ல மனை விலை, மாப்பிள்ளை, கிரிக்கெட் என்று போய்ச் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். சன்னலுக்கு அந்தப் பக்கம் உடல் இருக்கிறது. சொத்து யாருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்ற பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுங்கள்.

கைக்கு ஒரு வேலை

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்பது நல்ல மனதில் வருவதுதான். ஆனால் என்ன உதவி என்று யோசித்து, உங்களிடம் கேட்கும் வேலையை அது அவர்கள் தலையில் வைத்துவிடுகிறது. அதைவிட, கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். "சித்தி எத்தனை மணி பஸ்ல வர்றாங்க? நான் போய் அழைச்சிட்டு வர்றேன்." "பிள்ளைங்களை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வச்சு ராத்திரி கொண்டுவந்து விடுறேன்." தண்ணீர்க் கேன் தீர்ந்துவிட்டதா, வயதானவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா, வீட்டுக்காரர்களின் ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். துக்கப்பட்டவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். "சாப்பிடுங்க" என்று வற்புறுத்தாமல் ஒரு டம்ளர் மோரையோ பாலையோ கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் உபயோகமாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் உடலைக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் கட்டணமில்லா அமரர் ஊர்தி உண்டு. பணம் இல்லாமல் தவிக்கும் வீட்டில் இந்த ஒரு எண் பெரிய உதவி. நகரங்களில் எரிவாயு தகன மேடை என்றால் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். மருத்துவர் தரும் சான்றும் இறந்தவரின் ஆதார் நகலும் கேட்பார்கள். இதையெல்லாம் மகனிடம் போய்க் கேட்காமல், மருமகனையோ பங்காளியையோ பிடித்து முடித்துவிடலாம்.

கண்தானம் பற்றிக் கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். கேட்கலாம், ஆனால் நேரம் குறைவு. பொதுவாக 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். இறந்தவர் முன்பே விருப்பம் சொல்லியிருந்தால் பேச்சு சுலபம். எதுவானாலும் வீட்டில் முடிவெடுக்கக்கூடிய ஒருவரைத் தனியாக அழைத்து ஒரே ஒரு முறை கேளுங்கள். சரி என்றால், கண்களை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்தி, தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கண் வங்கிக்கு ஃபோன் செய்யுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அதன் பெருமையை அங்கே விளக்கக் கூடாது.

பணம் கொடுப்பதாக இருந்தால் நாலு பேர் பார்க்க மனைவியின் கையில் திணிக்காதீர்கள். செலவைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று விசாரித்து, ஓரமாக அழைத்து, "செலவுக்கு வச்சுக்கோங்க, கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட மாட்டார்கள்.

கணவரை இழந்த பெண்ணுக்குப் பூ வைத்து, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் நீக்கும் சடங்கு இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. வெளியாளாகப் போய் அங்கே சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவோ பிள்ளைகளோ "இதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னால், அதற்கு ஆதரவாகக் கூட்டத்தில் ஒரு குரல் வர வேண்டும். அந்தக் குரலாக நீங்கள் இருங்கள். "அவங்களே வேண்டாங்கிறாங்க, விட்டுடுவோம் அத்தை" என்று தாழ்ந்த குரலில் சொன்னாலே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். இங்கிதத்தை வாய் மூடி நிற்பது என்று மட்டும் புரிந்துகொண்டால் இந்த மாதிரி இடத்தில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிடுவோம்.

கிளம்பும்போது

"போயிட்டு வர்றேன்" என்று துக்க வீட்டில் சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கண் பார்த்தால் லேசாகத் தலையசைக்கலாம், அவ்வளவுதான். மற்ற எல்லா வீட்டிலும் சொல்லாமல் கிளம்பினால் மரியாதைக் குறைவு, இங்கே சொல்லிவிட்டுக் கிளம்பினால் மரியாதைக் குறைவு. அவர்களும் வழியனுப்ப எழுந்து வர மாட்டார்கள்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது பெரும்பாலானவர்களின் வழக்கம். உங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வந்த கையோடு அதே ஊரில் கைக்குழந்தை இருக்கும் நண்பர் வீட்டுக்கோ, கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்கோ போகாதீர்கள். அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும்.

போக முடியாவிட்டால்

லீவு கிடைக்கவில்லை, ஊரில் இல்லை என்றால் முதல் நாள் ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். வெறும் மூன்று ஆங்கில எழுத்தும் கும்பிடும் கையும் போதாது. "அத்தை, மாமா தவறிய செய்தி கேட்டேன். இப்போது வர முடியாத இடத்தில் இருக்கிறேன். வந்ததும் நேரில் வருகிறேன். பதில் போட வேண்டாம்." கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். பதில் எழுதும் கடமையிலிருந்து அவர்களை அது விடுவிக்கும். இரண்டு, மூன்று நாள் கழித்து, முற்பகலில் ஃபோன் செய்யுங்கள். வீடியோ கால் வேண்டாம். அழுது வீங்கிய முகத்தை யாரும் காட்ட விரும்ப மாட்டார்கள்.

நேரில் போகும்போது நாள் பார்க்கும் வீடுகள் உண்டு. செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். கருமாதி பெரும்பாலும் பதினாறாம் நாள். சில குடும்பங்களில் பதின்மூன்றிலேயே முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒருமுறை போய்விடுவது நல்லது. கருமாதி அன்றைக்குத்தான் போகிறீர்கள் என்றால் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், சாப்பிடாமல் வந்தால் வருத்தப்படுவார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு

பதினாறு நாள்வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், முதல் நாள் போனவர்களைவிட ஒரு மாதம் கழித்துப் போகிறவர்கள்தான் அந்த வீட்டுக்கு அதிகம் தேவைப்படுகிறார்கள். பெரிய காரணம் எதுவும் வேண்டாம். "இந்தப் பக்கம் வந்தேன் அத்தை, பார்த்துட்டுப் போகலாம்னு" என்று பழம் வாங்கிக்கொண்டு போய் அரை மணி நேரம் உட்காருங்கள். இப்போது அவர்களாகவே அந்த நாளைப் பற்றிப் பேசுவார்கள். முதல் நாள் கேட்கக் கூடாதென்று சொன்ன கதையை இப்போது முழுசாகக் கேளுங்கள். நடுவில் புகுந்து பேச்சை மாற்றாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லவும் பயப்பட வேண்டாம்.

காகித வேலைகளும் அப்போதுதான் மலைபோல் நிற்கும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில். பெயரும் எழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பதியும்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று வரிசையாக வரும். வங்கிப் பக்கமே போய்ப் பழகாத ஒரு பெண்மணிக்கு, "திங்கக்கிழமை நான் லீவு போட்டிருக்கேன், சேர்ந்து போவோம்" என்று சொல்கிறவர் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் பணம் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்காதீர்கள். பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தின் தொகையைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அலுவலகத்தில் ஒருவர் துக்க லீவு முடிந்து வந்தால், பத்துப் பேர் சேர்ந்து அவர் மேஜையைச் சுற்றி நிற்காதீர்கள். உங்கள் இடத்துக்கு அவர் வரும்போதோ, டீ குடிக்கப் போகும்போதோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் வேலை பற்றிப் பேசினால் நீங்களும் வேலை பற்றிப் பேசுங்கள். பல பேருக்கு அலுவலகம்தான் அந்த நினைப்பிலிருந்து கொஞ்சம் ஒதுங்கும் இடம். முதல் சில வாரம் மறதி இருக்கும், தப்பு வரும். உங்களால் சரிசெய்ய முடிந்ததைச் சத்தம் போடாமல் சரிசெய்துவிடுங்கள்.

பண்டிகைகளில் ஜாக்கிரதை. அந்த வருஷம் பல வீடுகளில் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள். எல்லாருக்கும் தட்டிவிடும் வாழ்த்துப் படம் அவர்களுக்கும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சும்மா ஒரு ஃபோன் செய்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் போதும்.

கடைசியாக, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்களை அழைப்பது. "அவங்க வீட்ல இப்பத்தானே துக்கம், எப்படிக் கூப்பிடுறது" என்று பத்திரிகை வைக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கணவரை இழந்தவராக இருந்தால் இன்னும் மோசம், அப்படியே ஒதுக்கிவிடுகிறார்கள். நேரில் போங்கள். பத்திரிகையை அந்த அம்மாவின் கையிலேயே கொடுங்கள், மகன் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க அத்தை. வந்தா எங்களுக்குச் சந்தோஷம், முடியலைன்னா நாங்களே ஒருநாள் பிள்ளைகளோட வந்து பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். வந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். தாம்பூலப் பையை அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே கொடுங்கள்.